சைகை பழகினால் பேச்சு வராதா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறைபாடு என்று, ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையில் தெரிந்து, 6 மாதமாகக் காதுகேட்கும் கருவி மாட்டுகிறோம். அடிக்கடி கழற்றி எறிகிறான். ‘அம்மா’ தவிர வேறு சொல் வரவில்லை. சைகை காட்டினால் பேச்சே வராது என்கிறார் என் மாமியார். பள்ளியில் சேர்க்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கருவியைக் கழற்றி எறிவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் காது வளர்ந்துகொண்டே இருப்பதால், காதுக்குள் பொருத்தும் மோல்டு சில மாதங்களிலேயே தளர்ந்து ‘கீ’ என்று விசிலடிக்கத் தொடங்கும். ஒலியளவு தாங்க முடியாததாக இருக்கலாம். காதில் அழுக்கோ நடுக்காதில் நீரோ சேர்ந்திருக்கவும் கூடும். முதலில் இவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு தினமும் காலையில் கருவியை மாட்டியதும், உங்கள் உதடு தெரியாதபடி அவன் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவுடன் ஒரு கட்டையைக் கூடையில் போடப் பழக்குங்கள். எந்த ஒலிக்குக் கை அசையவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு போனால், கருவியைச் சரிசெய்வது ஆடியாலஜிஸ்ட்டுக்கு (கேட்பியல் நிபுணருக்கு) எளிதாகும்.

சரியாக அமைத்த கருவியை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிந்தும் பேச்சொலிகள் பல எட்டவில்லை என்றால், அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி பொருந்துமா என்று தாமதிக்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் வயது ஏற ஏற மூளை ஒலியைப் பழகிக்கொள்வது கடினமாவதால், அந்த வரம்பு வரை காத்திருப்பது சரியல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் செவிவழிப் பேச்சுப் பயிற்சி நீண்ட காலம் தேவைப்படும்.

உங்கள் மாமியாரின் அச்சம் பல வீடுகளில் உள்ளதுதான். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ‘வலிக்கிறது’, ‘வேண்டாம்’, ‘அது எங்கே’ என்பதையெல்லாம் சொல்ல 4 வயதுக் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மொழி இருந்தாக வேண்டும். அது கிடைக்காத குழந்தைதான் அடம்பிடிக்கிறது, பின்னாளில் வாசிப்பிலும் பின்தங்குகிறது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான் என்றும் நம்பியிருக்க முடியாது. ‘பாடு’, ‘மாடு’ இரண்டையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதடு ஒன்றுபோலத்தான் அசையும். ஆகவே குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும், டிவியை அணைத்துவிட்டு, அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றியே முழு வாக்கியமாகப் பேசுங்கள், சைகையும் காட்டுங்கள், அவன் பதில் காட்டும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.

பள்ளியில் தாராளமாகச் சேர்க்கலாம். மின்விசிறி இரைச்சலுக்கு அப்பால், ஆசிரியரின் முகம் வெளிச்சத்தில் தெரியும்படி முன்வரிசையில் இடம் கேளுங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேச வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற வேறுபாடும் வேற்றுமை உருபுகளும் சொல்லின் கடைசியில் மெல்ல ஒலிப்பதால், இக்குழந்தைகள் எழுதும்போது அவற்றையே தவறவிடுவார்கள். அதைக் கவனக்குறைவு என்று திட்டாமல், எழுதிக் காட்டித் திருத்த வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிக்கான யூடிஐடி அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அரசு உதவிகளுக்கும், பிற்பாடு பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கும் அதைக் கேட்பார்கள்.