பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறதே, ஏன்?

அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக விழுந்தது லேசாக நெளியும், காய்ந்ததும் சுருங்கி மஞ்சளாகிவிடும். அடுத்த முறை பார்த்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். துண்டுகள் தினமும் வருவதில்லை என்பதால் மலப் பரிசோதனையில் தப்பிவிடுவது உண்டு. மருத்துவருக்கு அந்தப் படமே போதும்.

திரும்ப வருகிறது என்றால் முதலில் மருந்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பைரன்டெல் மட்டும் இருந்தால் அது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த மாத்திரையே கிடைக்கிறது. அளவு எடையைப் பொறுத்தது, அதனால் பூனையை எடை போட்டுவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

சரியான மருந்து கொடுத்தும் வந்தால், என் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். புழுவின் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சுப்புழு தின்கிறது. அது வளர்ந்து பூனை மேல் ஏறுகிறது. பூனை உடம்பை நக்கும்போது அதை விழுங்கிவிடுகிறது. மூன்று வாரம் போல ஆனதும் மறுபடி அரிசி! மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும், நாளை விழுங்கப்போகும் தெள்ளுப்பூச்சியை அது தடுக்காது. ஆகவே வீட்டில் உள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து போட வேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து, தரை இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து. எலி பிடிக்கிற பூனை என்றால் எலி மூலம் வேறு வகை நாடாப்புழுவும் வரும், அதற்கும் பிராசிகுவான்டெல்தான்.

வீட்டில் குட்டிகள் இருந்தால் கதை வேறு. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு போய்விடும். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுப்பது வழக்கம். உடம்புக்குள் சுற்றும் இளம்புழுக்கள் ஒரே வேளை மருந்தில் சாகாது, அதனால்தான் இத்தனை முறை. ஈறு வெளுத்திருந்தாலோ மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனாலோ, குட்டியை உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கிறது, குட்டியிடம் இருப்பதே கொஞ்சம்தான்.

பூண்டு கொடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

அப்புறம் மாத்திரை கொடுக்கும் கலை. என் பூனை கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் கட்டிலடியில் போய்த் துப்பும். நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாகப் பின்னால் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் விழுங்கிவிடும். பிராசிகுவான்டெல் கசப்பு, கொஞ்சம் நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம்.

பூனையைத் தொடுவதால் உங்களுக்கு நாடாப்புழு வராது. உருண்டைப்புழுவின் முட்டைகள் மனிதருக்குத் தொற்றும், ஆனால் மலத்தோடு வெளியே வந்த பிறகு அவை முதிர ஒன்று முதல் நான்கு வாரம் வரை ஆகும், அதுவரை தொற்றாது. மலத்தட்டைத் தினமும் அள்ளிப்போட்டுக் கை கழுவினால் போதும்.