காலையில் அலறும் டிவி

கேள்வி: எனக்கு 34 வயது. தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் ஒன்பது வருட வேலை. வாசலிலேயே 97 டெசிபல் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். இயர் பிளக் போடுவேன். சூப்பர்வைசர் கூப்பிட்டாலோ மெஷின் சத்தம் மாறினாலோ கழற்றுவேன். எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் வரும். காதுக்கு வலுவூட்டும் உணவு, வைட்டமின் மாத்திரை எதுவென்று சொல்லுங்கள். சிகரெட் தினம் நாலைந்துதான். ராத்திரி நான் பார்த்துவிட்டு அணைத்த டிவியைக் காலையில் போட்டால் எனக்கே தூக்கிவாரிப்போடுகிறது. மனைவி இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறாள். வீட்டுக்காகத்தான் இந்தச் சத்தத்தையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

பதில்: தம்பி, மனைவி கேலி செய்யும் அந்த டிவியைப் பற்றித்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் டிவியின் சத்தத்தை யாரும் தொடவில்லை. மாறியது உங்கள் காது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்கள் கேட்கும் திறன் இறங்கிக் கிடக்கிறது. ராத்திரி அமைதியில் கொஞ்சம் மீண்டு, காலையில் அதே சத்தம் அலறலாகக் கேட்கிறது. அப்படியானால் தினமும் காயத்தோடுதான் வீடு திரும்புகிறீர்கள்.

அடிபடுவது உட்காதின் நத்தைச்சுருளில் இருக்கும் மயிர்ச்செல்கள். வெளிவரிசையில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 12,000. சோர்ந்த செல் எழுந்துகொள்ளும். செத்தது மறுபடி முளைக்காது. இப்படியே போனால் ஒருநாள் காலையில் அந்த டிவி உங்களைத் திடுக்கிட வைக்காது. காது சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்துவிடாதீர்கள். ராத்திரி இறங்கியது காலையில் ஏறவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இப்போது உங்கள் ஒரு மணி நேரக் கணக்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் வைக்கும் எல்லை. சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி. மீதி ஏழு மணி நேரமும் பிளக்கை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், கழற்றிய ஒரு மணியிலேயே ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிட்டீர்கள். பெட்டியில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும், எட்டில் ஒரு மணி கழற்றினால் கிடைக்கும் பாதுகாப்பு 9 டெசிபலைத் தாண்டாது.

போடும் விதத்தையும் பாருங்கள். ஃபோம் பிளக்கைச் சுத்தமான கையால் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது. பாதி நுழைந்த பிளக் பெயருக்குத்தான் காதில் இருக்கும். சூப்பர்வைசர் பேச வேண்டுமானால் பிரஸ் பிரிவுக்கு வெளியே வந்து பேசட்டும். பேசுவதற்காக உள்ளே நின்று கழற்றாதீர்கள்.

உணவைக் கேட்டீர்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. பெருஞ்சத்தத்தில் உட்காதின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, செல்களுக்குள் கால்சியம் அளவுமீறிப் புகுகிறது, கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சத்தம் நின்ற பிறகும் சில நாள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. மக்னீசியம் முதல் இரண்டையும் ஓரளவு தடுக்கும். இஸ்ரேலில் 300 ராணுவப் பயிற்சியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 1994-ல் வந்தது. இரண்டு மாதம் தினம் 167 மில்லிகிராம் மக்னீசியம் குடித்தவர்களுக்கு நிரந்தரக் காதுச்சேதம் குறைவாக இருந்தது. ஆனால் துப்பாக்கிச் சத்தத்தில் நின்ற அந்தப் பையன்கள் எல்லாரும் இயர் பிளக்கும் போட்டிருந்தார்கள்! மக்னீசியம் அதற்கு மேல் கிடைத்த கூடுதல். கழற்றிய பிளக்குக்கு ஈடாக அதை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

வளர்ந்த ஆணுக்குத் தினம் 400 முதல் 420 மில்லிகிராம் மக்னீசியம் தேவை. 30 கிராம் பூசணி விதையில் ஏறத்தாழ 150, அதே அளவு பாதாமில் 80, அரைக் கப் வெந்த பாலக்கீரையில் 80 அளவுக்குக் கிடைத்துவிடும். மீதிக்குப் பயறும் முழுதானியமும் போதும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மக்னீசியம் மாத்திரையைத் தொடக் கூடாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்கட்டும். ஓயாத சத்தம் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

நாலைந்து‘தான்’ என்று சிகரெட்டை எழுதியிருக்கிறீர்கள். சத்தம் சுருக்கும் அதே ரத்தக்குழாய்களைப் புகையும் சுருக்குகிறது. பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து) சேர்ந்த மாத்திரை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது.

வீட்டுக்காகப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சத்தத்தால் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த சுருதி ஒலிகள். ச, ஸ போன்ற மெல்லிய மெய்யொலிகள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகளின் பேச்சு முதலில் மங்கும். சம்பளம் கொண்டுவருவது பாதிக் கடமை. வீட்டார் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மீதிப் பாதி. அதை உங்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லி வீட்டில் யாரும் கேட்கவில்லையே. மனைவி கேலி செய்கிறார் என்று குறைப்பட வேண்டாம். முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஒரு நோட்டை அவர் கையிலேயே கொடுங்கள். ராத்திரி டிவி சத்தம் எந்த எண்ணில் இருந்தது, காலையில் எந்த எண்ணுக்குக் குறைத்தீர்கள் என்று ஒரு வாரம் அவர் எழுதட்டும். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போவதற்கு முன், குறைந்தது 14 மணி நேரம் சத்தம் படாமல் இருந்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதித்துக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுங்கள். 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோடு 4000-ல் பள்ளமாக இறங்கி 8000-ல் மறுபடி ஏறினால் அது சத்தத்தின் தடம். அந்தத் தாளையும் மனைவியின் நோட்டையும் சேர்த்தே காது மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.