கட்டுரையில வாக்கியம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே மாட்டேங்குதா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் நாலாம் ஆண்டு, கதை சொல்லச் சொன்னா வாய் ஓயாது, எழுதச் சொன்னா துண்டு துண்டா எழுதுறான், டீச்சர் சிவப்பு பேனாவுல 'கோவை இல்லை'ன்னு (வாக்கியம் ஒண்ணோடொண்ணு கோத்து வரலன்னு) போட்டு அனுப்புறாங்க, மாதிரிக் கட்டுரை புக்கு வாங்கி மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

வேணாம்மா. அவன் எழுதுனத நீங்க அனுப்பியிருந்தீங்கல்ல, அதையே எடுத்துக்குவோம். "பாசார் மாலாம் போனோம். மழை பெய்தது. மீ வாங்கினோம். தங்கை அழுதாள். வீட்டுக்கு வந்தோம்." (பாசார் மாலாம்னா ராத்திரிச் சந்தை, 'மீ'ன்னா நூடுல்ஸ்.) இதுல எழுத்துப்பிழையே இல்ல, எல்லாம் சரியான வாக்கியம்தான். ஆனா ஒவ்வொண்ணையும் கத்தரிக்கோலால வெட்டி மேசையில கலச்சுப் போட்டுப் பாருங்க, மழைய கடைசியில வச்சாலும் தங்கச்சிய முதல்ல அழ விட்டாலும் எதுவும் கெடாது. எடம் மாத்தி வச்சாலும் ஒண்ணும் ஆகலன்னா அங்க கோவை இல்லன்னுதான் அர்த்தம், டீச்சர் சொன்னதும் இதத்தான், என்ன, எப்படி சரி பண்றதுன்னு எழுதாம விட்டுட்டாங்க.

இப்ப பையன கூப்பிட்டு, தங்கச்சி ஏன்டா அழுதான்னு மட்டும் கேளுங்க. மீ பொட்டலம் மழையில விழுந்துருச்சும்பான், இல்ல பலூன் வாங்கித் தரலம்பான், எதுவா இருந்தாலும் பதில் அவன்கிட்ட இருக்கு, அது நமக்கும் தெரியும்னு நெனச்சு எழுதாம விட்டுட்டான். அதனால 'ஆனால், எனவே, மேலும்'னு இணைப்புச்சொல் பட்டியல் குடுத்து வேலையே இல்ல, குடுத்தா "மேலும் மழை பெய்தது, மேலும் மீ வாங்கினோம்"னு எழுதி வைப்பான் (எங்க டியூசன்ல நெறைய பாத்தாச்சு லா). ஏன், அதனால என்ன ஆச்சு, இந்த ரெண்டு கேள்விய பென்சில் எடுக்குறதுக்கு முன்னாடி வாயாலேயே கேட்டுடுங்க.

அடுத்தது, தமிழ்ல வாக்கியத்த சேக்குற வேலையில பெரும்பங்கு தனிச்சொல்லுக்கு இல்ல, வினையெச்சத்துக்குத்தான். பாட்டி சொல்றத கவனிச்சுப் பாருங்க, "விடியக்காலையில எந்திரிச்சு, பசியாறிட்டு, பெரட்டுக்குப் போய் நின்னு, அப்புறம் பால் வெட்டப் போவோம்"னு நாலு வேலைய ஒரே மூச்சுல கோத்துருவாங்க (பெரட்டுன்னா காலையில பேர் கூப்பிடுற எடம், பால் வெட்டுறதுன்னா ரப்பர் மரம் சீவுறது). பிள்ளைக்கும் இது காதுல இருக்கு, எழுதுறப்பதான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முற்றுப்புள்ளி வச்சுடுறான்.

ஆனா ஒரு எடத்துல வழுக்கும். "அப்பா மோட்டார் ஓட்டி நான் பள்ளிக்குப் போனேன்"னு எழுதுவாங்க. ஓட்டுனது அப்பா, போனது இவன், ஆள் ரெண்டு. 'ஓட்டி, வந்து, போய்' மாதிரி வர்ற எச்சத்துக்கு பொதுவா ஆள் ஒண்ணா இருக்கணும் ("மழை பெய்து குளம் நிறைந்தது" மாதிரி விதிவிலக்கு இருக்கு, இப்ப அத கெளறாதீங்க). ஆள் மாறுனா "அப்பா மோட்டார் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன்". ஓட்டி, ஓட்ட, ஒரே எழுத்துதான் வித்தியாசம், இத பிடிச்சுட்டான்னா பாதி கட்டுரை தானா சரியாயிரும்.

இன்னொண்ணு நம்ம ஊருக்கே உள்ளது. மலாய்ல 'செபாப்' ('ஏன்னா'ங்குற சொல்லு) நடுவுல வரும், காரணம் அதுக்குப் பின்னால வரும், அதே பழக்கத்துல "நான் பள்ளிக்கு வரவில்லை ஏனென்றால் காய்ச்சல்"னு எழுதுறாங்க. பெரிய தப்பில்ல, ஆனா தமிழுக்கு காரணம் முன்னால வந்தா நல்லா உக்காரும்: "காய்ச்சலாக இருந்ததால் பள்ளிக்கு வரவில்லை."

கொஞ்சம் தேறுனதும் ஊர் விஷயத்த குடுத்துப் பாருங்க. மலேசியாவுல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1919ல சுங்கை சிப்புட்லதான் பொறந்தாரு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். இந்த நாலு துண்ட ஒட்டச் சொல்லுங்க. "வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதைப் பார்த்த சம்பந்தன், தொழிலாளர்களிடமே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார்." இப்ப கலச்சுப் போட முடியாது பாருங்க. ஒரே வாக்கியமா நீட்டாம ரெண்டா நிறுத்துனதும் வேணும்னுதான், எல்லாத்தையும் கோத்துட்டா பிள்ளைக்கும் மூச்சு வாங்கும் படிக்கிறவங்களுக்கும் வாங்கும். 'அவர்'னு எழுதுனா எவருன்னு ஒரு தடவ கேட்டுருங்க, "அப்பா தாத்தாவைப் பார்த்தார், அவர் சிரித்தார்"னா யாரு சிரிச்சா?

மாதிரிக் கட்டுரை மனப்பாடம்லாம் யூபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுல எழுதுன அரசாங்கப் பரீட்சை) காலத்து பழக்கம், அந்தப் பரீட்சையையே 2021ல எடுத்தாச்சு, யாருக்காக மனப்பாடம் பண்ணணும்? படிக்க வாங்கிக் குடுங்க, ஒப்பிக்க வேணாம்.

தெனம் கால் மணி நேரம் போதும். பாட்டியோ பக்கத்து வீட்டு தாத்தாவோ தோட்டத்துக் கதை ஒண்ணு சொல்லட்டும், அவன் திருப்பிச் சொல்லட்டும், அப்புறம் அஞ்சே வாக்கியம் எழுதட்டும். அந்த நேரத்துல ரகர றகரம், ஒற்று மிகுமா மிகாதான்னு குறுக்க போகாதீங்க, அத ஞாயித்துக்கிழமைக்கு ஒதுக்கி வச்சுக்கலாம்.