15,000 ரூபாய்க்கு என்ன கேமரா வரும்?

வேலூர் கோட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவோடு கூடுகிற நண்பர்கள் போன வாரம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பேன். கடை எதுவும் இல்லை, அதனால் எதையும் யார் தலையிலும் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்குக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள், இதோ.

ஆம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, கையில 15,000 ரூபாய்தான் இருக்கு. புதுசாவே வாங்கு, பழசு தலைவலின்னு நைனா சொல்றார். என்ன பண்ணலாம்?

நைனா சொல்வது பைக்குக்குச் சரி. கேமராவில் கணக்கு வேறு. இந்தப் பணத்துக்குப் புதிதாகத் தேடினால் சட்டைப் பைக்குள் போகிற சின்ன கேமராதான் அகப்படும். அதற்குள் இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு, சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், 4.5 மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பத்து வருடத்துக்கு முந்தைய சாதாரண டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றுகிற கேமராவில், இருப்பது ஏறக்குறைய 23-க்கு 15. பரப்பளவில் பன்னிரண்டு மடங்குக்குக் குறையாது. மழைத் தண்ணீர் பிடிக்க டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெளிச்சம் நிறைய இருந்தால் டம்ளரும் நிரம்பிவிடும். சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டுக்குள் குழந்தையை எடுக்கும்போதுதான் அண்டாவின் அருமை தெரியும்.

2012-இல் வந்த நிக்கான் டி3200, 2013-இல் வந்த கேனான் 700டி, இந்த வரிசையில் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். கூடவே வரும் 18-55 கிட் லென்ஸோடு (18 எம்எம்மில் அகலமாகத் தெரியும், 55-இல் நெருக்கமாக), பொறுமையாக அலைந்தால் உங்கள் பணத்துக்குள் படியும். ஆனால் 15,000-த்தையும் அதிலேயே கொட்டாதீர்கள். மெமரி கார்டுக்கும் இன்னொரு பேட்டரிக்கும் ஓர் ஆயிரத்தைந்நூறாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

அதே மாணவரின் நண்பர்: எல்லாரும் கண்ணாடி இல்லாத புது வகை, மிர்ரர்லெஸ்ஸுக்குப் போயிட்டாங்களே, இப்போ போய் டிஎஸ்எல்ஆரா?

அவர்கள் போனதால்தான் இது உங்கள் விலைக்கு இறங்கியிருக்கிறது. போகட்டும், நமக்கு நல்லதுதான்.

வாலாஜா, ஓய்வு பெற்ற ஆசிரியர்: கடையில் மெகாபிக்சலைத்தான் முதலில் சொல்கிறார்கள். எத்தனை இருந்தால் போதும், தம்பி?

ஐயா, ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்க, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஒன்பது மெகாபிக்சல்கூட வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரிகிற படத்துக்கு 18 இருந்தால் தாராளம். பழைய டிஎஸ்எல்ஆர்களில் அது இருக்கிறது. அந்த எண்ணை அங்கேயே விட்டுவிட்டு லென்ஸ் என்ன என்று கேளுங்கள்.

குடியாத்தம், தறி நெசவாளர்: தறியையும் பாவு நூலையும் எடுக்கப்போகிறேன். நிக்கானா, கேனானா? 50 எம்எம் லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிவிடவா?

இரண்டில் எதை எடுத்தாலும் படம் வரும். ஆனால் அந்த 50 எம்எம் எது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், அண்ணே. நிக்கானின் பழைய வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் இருக்கிற மோட்டார்தான் அவற்றைத் திருப்பி ஃபோகஸ் செய்யும். டி3200, டி3300, டி5200 போன்ற சின்ன பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. மாட்டினால் உட்காரும், படமும் எடுக்கும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். விலை குறைவு என்று மோட்டார் இல்லாத 50 எம்எம் 1.8டி வாங்கிவிட்டு "ரிப்பேர் போல" என்று என்னிடம் கொண்டுவருகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். சின்ன பாடிக்கு, உள்ளே மோட்டார் இருக்கிற, 1.8ஜி என்று போட்டிருப்பதுதான் வேண்டும். டி90, டி7000 மாதிரி பாடிகளில் மோட்டார் உண்டு, அவற்றில் இந்த இரண்டு 50-யும் ஓடும்.

கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-இல் அவர்கள் இஎஃப் லென்ஸ் வரிசையைத் தொடங்கியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். பட்ஜெட் இறுக்கம், பழைய லென்ஸாகத்தான் தேடப்போகிறேன் என்றால் எனக்குக் கேனான் பக்கம் கொஞ்சம் சாய்வு. அதற்குக் காரணம் இது ஒன்றுதான், படத்தின் தரம் இல்லை.

தறியையும் பாவு நூலையும் எடுக்கப்போகிறேன் என்றீர்கள். தறிக்கூடத்தில் 50 எம்எம் நெருக்கமாக அடைத்துக்கொள்ளும், பின்னால் நகர இடம் இருக்காது. கிட் லென்ஸை 18-இல் வைத்து, சன்னல் பக்கம் வெளிச்சம் விழும்படி நின்று எடுங்கள். 50 அப்புறம் வாங்கலாம்.

காட்பாடி, வேலைக்குச் சேர்ந்த இளைஞர்: படிப்பு முடிச்சுட்டு ஊருக்குப் போற ஒருத்தர் கேமராவை விற்கிறார். எதைப் பார்த்து வாங்கணும்?

பகலில் போங்கள். போன் டார்ச்சும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லென்ஸ். கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசு நாலு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடினால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் கற்றுக்கொண்டதே அடிபட்டுத்தான். 2011-இல் இரவு நேரத்தில், ஒரு டீக்கடை வெளிச்சத்தில், ஒருவரிடம் 55-250 லென்ஸ் வாங்கினேன். விடிந்து பார்த்தால் உள்ளே ஒரு தோட்டமே வளர்ந்திருந்தது. பிரித்துத் துடைத்தேன். ஃபங்கஸ் போனது, ஆனால் அது கண்ணாடியின் பூச்சைத் தின்ற தடம் அப்படியே நின்றுவிட்டது. வெயிலுக்கு எதிராக எடுத்தால் இன்றைக்கும் படம் பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும்.

அடுத்து சென்சார். லென்ஸ் துளையைச் சின்னதாக்கி, எஃப் 16-இல் வைத்து, வெள்ளைத்தாளை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி என்றால் தூசு, சுத்தம் செய்துவிடலாம். கோடு என்றால் கீறல், வேண்டாம்.

ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை முறை ஓடியது என்பது வண்டியின் கிலோமீட்டர் மாதிரி. டி3200 போன்ற பாடிகளின் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. நிக்கானில் அந்த எண்ணிக்கை படத்துக்குள்ளேயே பதிவாகிறது. கடைசியாக எடுத்த ஒரு படத்தைக் கார்டிலிருந்து நேராக எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், சிலர் வேண்டுமென்றே அப்படித்தான் அனுப்புவார்கள். கேனானின் சின்ன பாடிகளில் படத்தில் இது வராது. அங்கே கைப்பிடி ரப்பரையும் பட்டன் எழுத்துகளையும் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். ரப்பர் உப்பி, எழுத்து அழிந்திருந்தால் அது கல்யாண வீடுகளில் பிழிந்தெடுத்த கேமரா.

பேட்டரி உப்பியிருக்கிறதா, ஒரிஜினல் சார்ஜர் இருக்கிறதா, பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் வாரண்டிக்காக இல்லாவிட்டாலும் திருட்டுப் பொருளா என்ற கவலைக்காகவாவது யோசியுங்கள்.

அணைக்கட்டு, விவசாயி: தை மாசம் மாடு விடும் விழா எடுக்கணும். காளை ஓடறது போன்ல கலங்கிப்போகுது.

இதற்கு ஜூம் வேண்டும். 55-250 அல்லது 70-300, பழசே போதும். காலை வெயில் நன்றாக இருக்கும், அதனால் விலை உயர்ந்த லென்ஸ் தேவையில்லை. ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடிக்குக் கீழே இறக்காதீர்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 400, 800 என்று ஏறினாலும் கவலைப்படாதீர்கள். மலிவு பாடிகள் வினாடிக்கு நாலைந்து படம்தான் எடுக்கும், பட்டனை அழுத்திப் பிடித்து அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. காளை வரும் பாதையில் ஓர் இடத்தைக் குறித்து அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிடுங்கள். காளை அங்கே வரும்போது அழுத்துங்கள். தடுப்புக்கு வெளியே நின்றுதான். கண் கேமராவுக்குள் இருக்கும்போது பக்கத்துக் காளை தெரியாது, அண்ணே.

ஆலங்காயம், நட்சத்திர ஆர்வலர்: 60 மடங்கு ஜூம் கேமரா ஒன்று பார்த்தேன். நிலா, நட்சத்திரம் எல்லாம் எடுக்கலாமா?

காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்! 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் ஜவ்வாது மலையில் வைத்ததே அங்கே வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருப்பதால்தானே. நிலாவுக்கு அந்த ஜூம் கேமரா நன்றாகவே இருக்கும், பள்ளம் பள்ளமாகத் தெரியும். நட்சத்திரத்துக்குக் கதை வேறு. அங்கே ஜூம் வேண்டாம், பெரிய சென்சாரும் அகலமான லென்ஸும் ஸ்டாண்டும் வேண்டும். 18 எம்எம், எஃப் 3.5, 15 வினாடி, ஐஎஸ்ஓ 1600, இப்படி ஆரம்பியுங்கள். பழைய டிஎஸ்எல்ஆரும் கிட் லென்ஸும் இதைச் செய்துவிடும்.

சத்துவாச்சாரி, வீட்டிலிருந்து தொழில் செய்பவர்: இஎம்ஐயில் புதுசு எடுக்கலாமா?

கேமரா மாதாமாதம் சம்பாதித்துக் கொடுக்கிறது என்றால் எடுங்கள். ஆசைக்கு என்றால் வேண்டாம், அக்கா.

ராணிப்பேட்டை, கம்பெனி ஊழியர்: வாங்கி பீரோவில் வைத்தேன். ஆறு மாதத்தில் லென்ஸ் மங்கிவிட்டது.

பீரோதான் காரணம். நம் ஊர் வெயிலைப் பார்த்து ஈரம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியோடு துணியாக, தோல் பையில் சுருட்டி வைத்தால் ஃபங்கஸ் கட்டாயம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நீல சிலிக்கா ஜெல் கொஞ்சம் போட்டு வையுங்கள். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத்தூசுதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். மங்கின லென்ஸைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். முன்னாடி வந்திருந்தால் சுலபம்.

ஆற்காடு, இல்லத்தரசி: மகள் எட்டாவது படிக்கிறாள், படம் எடுக்க ஆசைப்படுகிறாள். என்னால் 3,000 ரூபாய்தான் முடியும்.

கடைக்குப் போகாதீர்கள் அம்மா, அந்த விலைக்கு விற்கிற புது கேமராக்கள் பொம்மைதான். சொந்தத்தில் யார் வீட்டிலாவது 2010 வாக்கில் வாங்கிய சின்ன கேமரா தூங்கிக்கொண்டிருக்கும், விசாரியுங்கள். பத்து மெகாபிக்சல் இருந்தாலே குழந்தைக்குப் போதும். பெரும்பாலும் பேட்டரி மட்டும்தான் செத்திருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கிற எண்ணைக் குறித்து அனுப்புங்கள், என்னிடம் பழைய பேட்டரி ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, பொருந்துகிறதா பார்த்துச் சொல்கிறேன்.