நாற்று நடும் முன் உப்பை அளந்து பாருங்கள்: அலையாத்திக் காட்டை மீட்க வெளிநாட்டு நிதி கிடைக்குமா?

கேள்வி: முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. கஜா புயலில் அழிந்த அலையாத்திக் காட்டில் ஒரு பகுதி இன்றுவரை துளிர்க்கவில்லை. வனத்துறையோடு சேர்ந்து இரண்டு தடவை நாற்று நட்டோம், ஒன்றும் நிற்கவில்லை. ஊர் இளைஞர்கள் சேர்ந்து டிரஸ்ட் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. பல்லுயிர் மீட்புக்கு ஐரோப்பாவில் பெரிய ஆராய்ச்சி நிதி இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். நாங்கள் விண்ணப்பிக்கலாமா? எப்படி எழுதுவது?

பதில்:

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர் சொன்ன நிதிக்கு உங்கள் டிரஸ்ட் தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் இரண்டு தடவை நட்டும் நிற்காத அந்த இடம் இருக்கிறதே, அதைப் போன்ற ஒன்றைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை யாரிடம் கொண்டுபோவது, போகும் முன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அவர் சொன்னது பெரும்பாலும் பயோடைவர்சா பிளஸ் ஆக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆராய்ச்சி நிதித் திட்டத்தின் கீழ் 2021-இல் தொடங்கிய கூட்டமைப்பு இது, வருடத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்து ஆராய்ச்சி அழைப்பு விடும். 2025-இல் வந்த அழைப்பே சூழலமைப்புகளின் செயல்பாட்டையும் முழுமையையும் இணைப்பையும் மீட்பது பற்றியதுதான், அதனால் அவர் உங்களை நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அங்கே பணம் வரும் வழி கூட்டாஞ்சோறு மாதிரி. அவரவர் வீட்டு அரிசியை அவரவர் கொண்டுவர வேண்டும். ஜெர்மன் ஆய்வாளருக்கு ஜெர்மன் நிதி அமைப்பு கொடுக்கும், பிரெஞ்சு ஆய்வாளருக்குப் பிரெஞ்சு அமைப்பு கொடுக்கும், குறைந்தது மூன்று நாட்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்தால்தான் விண்ணப்பமே ஏற்கப்படும். உங்கள் நாட்டு நிதி அமைப்பு அந்த வருட அழைப்பில் சேர்ந்திருக்காவிட்டால், சொந்தச் செலவில் பங்கேற்கும் குழுவாக மட்டுமே போகலாம். இரண்டு வருட டிரஸ்டுக்கு அது கட்டுப்படியாகாது.

ஏன் திடீரென்று எல்லோரும் மீட்பு, மீட்பு என்கிறார்கள் என்று கேட்டால், 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்-மான்ட்ரியால் உலகப் பல்லுயிர்ச் சட்டகம்தான் காரணம். சீரழிந்த சூழலமைப்புகளில் 30 சதவீதத்தையாவது 2030-க்குள் மீட்புப் பணியின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அதன் இரண்டாவது இலக்கு. வளரும் நாடுகளுக்குப் போகும் சர்வதேசப் பல்லுயிர் நிதியை 2030-க்குள் வருடத்துக்கு 3,000 கோடி டாலராக உயர்த்துவது பத்தொன்பதாவது இலக்கில் வருகிறது. அதிலிருந்து உங்கள் ஊர்ச் சேறு வரைக்கும் எவ்வளவு வந்து சேரும் என்பது வேறு விஷயம், ஆனால் விண்ணப்பத்தில் இந்த இரண்டாவது இலக்கைச் சொல்லி எழுதுங்கள், படிப்பவர் எதிர்பார்ப்பார்.

இப்போது, பலர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவில் ஒரு டிரஸ்ட் வாங்க வேண்டுமென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது உங்கள் நோக்கத்துக்காகச் செலவு செய்த கணக்கு இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. சரி, பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி எங்களுக்குத் தரட்டுமே என்பீர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் கூடாது, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே சட்டம் இடம் தராது. உங்களில் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் குழு அப்படி ஒரு சிறு தொகையை வாங்கிவிட்டு, விளக்கம் எழுதியே ஒரு வருடத்தை இழந்தது. நல்ல பிள்ளைகள், செய்த வேலையும் நல்ல வேலை, ஆனால் அந்த வருடம் களத்துக்கே போக முடியவில்லை.

குறிப்பிட்ட ஒரு நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உறுதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் கேட்க முடியும், காத்திருக்கப் பொறுமை வேண்டும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் இந்தச் சட்டப்படி வெளிநாட்டு மூலங்களாகக் கருதப்படுவதில்லை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக 1992 முதல் நடக்கிறது, உங்களைப் போன்ற ஊர்க் குழுக்களுக்காகவே தொடங்கப்பட்டது அது. ஒரு மானியம் 50,000 டாலர் வரை என்பதுதான் பல வருடங்களாக இருந்த வரம்பு. ஒவ்வொரு கட்டத்திலும் சில நிலப்பகுதிகளைத் தேர்ந்துதான் தருவார்கள், அதனால் இப்போதைய கட்டத்தில் உங்கள் கடற்கரை வருகிறதா, பணம் எந்த அமைப்பின் வழியாக வருகிறது என்ற இரண்டையும் முதலில் கேட்டு உறுதி செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் நெய்தல் மீட்சி இயக்கத்துக்கும் உலக வங்கி உதவி இருக்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதியில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும்.

இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளரும் நாடுகளில் களப்பணி செய்யும் இளம் ஆய்வாளர்களுக்கு முதல் மானியம் கிடைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சில ஆயிரம் பவுண்டுதான், ஆனால் முதல் மானியத்தை ஒழுங்காக முடித்தால் இரண்டாவதற்கும் அதற்கு மேலும் போகலாம். ஒரு நாற்றங்கால், ஒரு படகு வாடகை, இரண்டு பேரின் களச்செலவு என்று ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். அதற்கும் பணத்தை வாங்கும் தகுதியுள்ள ஒரு நிறுவனம் பின்னால் நிற்க வேண்டும். அபுதாபியின் முகமது பின் சயீத் நிதி 25,000 டாலர் வரை தருகிறது, ஆனால் அது தனித்தனி உயிரினங்களுக்கானது, காட்டுக்கு என்று கேட்டால் தராது. கிரிட்டிக்கல் ஈகோசிஸ்டம் பார்ட்னர்ஷிப் ஃபண்ட் பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், அது இந்தப் பக்கம் பணம் தந்தது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு, அதுவும் 2015-இல் முடிந்துவிட்டது.

ஆக, உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு துணை நிறுவனம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சட்டத்தால் அமைந்து சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ.விலிருந்து விலக்கு உண்டு. பணம் அவர்களிடம் வரட்டும், அளப்பதும் வாய்க்கால் வெட்டுவதும் கண்காணிப்பதும் உங்கள் ஊர் ஆட்கள் செய்யட்டும், அவர்களுக்கான கூலி திட்டத்தின் செலவாகவே வரட்டும். இதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரை வரும்போது உங்கள் ஆட்களின் பெயரும் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம், அந்தச் சேறு உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

அப்புறம், அவர்களிடம் எதைக் கொண்டுபோவது? இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். "பத்தாயிரம் நாற்று நடுவோம்" என்ற ஒரு வரியோடு போகாதீர்கள். பிச்சாவரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே காடு சிதைந்ததற்கு ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் போய் ஆராய்ந்தபோது வேறு கதை வெளியே வந்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மரத்தை மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள், வெயில் பட்ட சேறு காய்ந்து அமிழ்ந்து தொட்டி மாதிரி பள்ளமாகிவிட்டது, ஓதத்தில் ஏறிய தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி ஏறி நாற்று நிற்க முடியாத மண்ணாகிவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு மீன்முள் வாய்க்கால். கழிமுகக் கிளையிலிருந்து நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், ஓதம் உள்ளே வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, அதன்பிறகு நட்டது நின்றது. இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியம் இந்த வேலைக்குப் பணம் தந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் செலவழித்த பணம்தான் அந்தக் காட்டை மீட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் தெரியாமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் (அலையாத்தி) நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள்: 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. நட்ட ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. இத்தனைக்கும் அங்கே ஆர்வத்துக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. அலை அடிக்கிற இடம், சேறு ஆழமான இடம், உப்பு ஏறின இடம் என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் நட்டதுதான் தப்பு.

அதனால் உங்கள் இடத்தை முதலில் அளங்கள். தண்ணீரில் உள்ள உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமாக ஒரு கருவி வரும், விலை சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். வற்றத்தில் இறங்கி, செத்த மரங்களுக்கு நடுவே ஒரு முழம் குழி தோண்டுங்கள், ஊறி வரும் தண்ணீரில் இரண்டு சொட்டு எடுத்துக் கருவியின் கண்ணாடியில் விட்டு மூடி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு ஒரு எண்ணில் நிற்கும். கடல் தண்ணீர் சுமார் 35 காட்டும். கருவி கிடைக்கும் வரை கண்ணால் பாருங்கள்: காய்ந்த சேற்றின்மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, விரலால் சுரண்டினால் உப்பு வருகிறதா, மிதித்தால் கால் புதைகிறதா, மேலே மட்டும் நொறுங்குகிறதா. பிழைத்து நிற்கும் காட்டுக்குள்ளும் இதே மாதிரி ஐந்தாறு குழி தோண்டி அளங்கள், ஒப்பிட அது வேண்டும். ஓர் அளவு குறித்த கழியை இரண்டு இடத்திலும் நட்டு, அமாவாசை ஓதத்திலும் பௌர்ணமி ஓதத்திலும் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணிநேரத்தில் வடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாமினியாறு, கோரையாறு வழியாக நல்ல தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

இந்த நோட்டு இருந்தால் விண்ணப்பத்தின் முதல் பத்தி தானாக வந்துவிடும். "2018 நவம்பர் 16 கஜா புயலில் இறந்த இந்தப் பகுதியில் கோடையில் மண்நீரின் உப்பு இவ்வளவு, பக்கத்துக் காட்டில் இவ்வளவு, ஓதம் இங்கே இத்தனை மணிநேரம் தேங்குகிறது, வாய்க்கால் வெட்டினால் உப்பு குறைந்து அவிசீனியா என்ற அலையாத்தி மரம் தானாக முளைக்குமா, நட்டால்தான் வருமா என்பதை, வாய்க்கால் வெட்டிய பகுதியையும் வெட்டாத பகுதியையும் ஒப்பிட்டு மூன்று வருடம் பார்க்கப்போகிறோம்" என்று எழுதுங்கள். இரண்டு தடவை நட்டுச் செத்ததை மறைக்காதீர்கள், எந்த மாதம், எத்தனை, எத்தனை நாளில் செத்தது என்று எழுதுங்கள், அந்தத் தோல்வி உங்கள் விண்ணப்பத்தின் மிக நல்ல பகுதி.

பட்ஜெட்டில் பலர் வாய்க்கால் வெட்டும் செலவை மட்டும் போட்டுவிடுவார்கள். வெட்டிய வாய்க்கால் தூர்ந்துபோகும், வருடாவருடம் தூர்வாரும் கூலியையும் போடுங்கள், கடைசி வருடத்தில் கண்காணிப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டிகூட உள்ளே போகக்கூடாது, அந்தக் கடிதத்தின் நகல் விண்ணப்பத்தோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெளிநாட்டு ஆய்வாளர் மண்ணோ இலையோ மாதிரி கேட்டால் உடனே கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும், அந்த வேலையைத் துணை நிறுவனத்திடம் விடுங்கள்.

மே மாதக் கடைசியில், சேறு நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு முறை அளங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியில் இன்னொரு முறை, அதே குழிகளில். இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போங்கள், எனக்கும் அனுப்புங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.