தடுப்பு மருந்து போட்டும் ரோட்டாவா?

கேள்வி: பேரனுக்கு 6, 10, 14 வாரங்களில் ரோட்டாவாக் சொட்டு மருந்து கொடுத்தோம். 11 மாதத்தில் பேதியாகி, மலப் பரிசோதனையில் ரோட்டா பாசிட்டிவ் என்கிறார்கள். வைரஸ் உருமாறிவிட்டதா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: உருமாறத்தான் செய்கிறது, அம்மா. ஆனால் பழி முழுவதையும் அதன் மேல் போட முடியாது.

ரோட்டா வைரஸுக்கு மூன்றடுக்கு உறை. வெளியடுக்கு விபி7 என்ற புரதத்தாலான ஓடு. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் 60 முட்கள் விபி4. நம் எதிர்ப்புப் புரதங்கள் வைரஸை முடக்கப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். ஓட்டை வைத்து ஜி எண்ணும், முள்ளை வைத்து பி எண்ணும் தருகிறார்கள்: ஜி1பி[8], ஜி3பி[8] என்று.

வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதி பிழை திருத்தாது என்பதால் இந்தப் புரதங்களில் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். பெரிய மாற்றம் வேறு விதமாக வருகிறது. அந்த ஆர்என்ஏ 11 தனித்தனித் துண்டுகள். இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் கலந்துவிடும். கணக்குப்படி 2048 சேர்க்கைகள். ஓடும் முள்ளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை நிலைப்பதில்லை. பேரனுக்குக் கொடுத்த மருந்தே அப்படிக் கலந்து பிறந்ததுதான்: டெல்லியில் நோய்க்குறி இல்லாத பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற வைரஸ். அதன் வகை ஜி9பி[11]. முள்ளுக்கான துண்டு மாட்டு வைரஸிலிருந்து வந்தது.

அப்படியிருந்தும் அது மற்ற வகைகளையும் தடுக்கிறது. உள்ளடுக்குப் புரதங்களுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்தே வேலை செய்கிறது. ஆனால் டெல்லி, புனே, வேலூரில் நடந்த பரிசோதனையில் கடுமையான ரோட்டா பேதியைத் தடுத்தது பாதிக்குச் சற்று மேல்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம், குடலில் ஏற்கெனவே உள்ள கிருமிகள், கூடவே கொடுக்கும் போலியோ சொட்டு, எல்லாமே மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடியவை.

இப்போதைக்கு: ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள்; பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று பிரித்தால் உப்பின் அளவு தப்பும். ஒவ்வொரு பேதிக்கும் 50–100 மில்லி, ஸ்பூனால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் கழித்துத் தொடருங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள். துத்தநாகம் (ஜிங்க்) தினம் 20 மி.கி., 14 நாள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: எந்த வகை என்று லேப் ரிப்போர்ட்டில் ஏன் இல்லை?

பதில்: வழக்கமான பரிசோதனை கிட் தேடுவது நடு அடுக்கிலுள்ள விபி6 புரதத்தை. குழந்தைகளைத் தாக்கும் ரோட்டாக்களில் அது ஏறக்குறைய ஒன்றுதான். வகையறிய ஓடு, முள் இரண்டின் மரபணுக்களையும் பிசிஆரில் (மரபணுவைப் பல மடங்கு படியெடுத்துக் கண்டறியும் சோதனை) பார்க்க வேண்டும். அந்தப் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டான பிரைமர் ஒட்டும் இடத்திலேயே மரபணு எழுத்து மாறியிருந்தால் அதுவும் ‘வகை தெரியவில்லை’ என்றுதான் காட்டும். சிகிச்சை எந்த வகைக்கும் ஒன்றே. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.