'வரும் வாரம் நீலகிரியில் உறைபனிக்கு வாய்ப்பு' என்றால் என்ன?

டிசம்பர், ஜனவரி மாத வானிலை முன்னறிவிப்புகளில் அடிக்கடி வரும் வரி இது. காற்றிலுள்ள ஈரம், 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோன புல், இலை, கார் கூரை மேல் வெள்ளைப் பொடியாகப் படிவதுதான் உறைபனி. ஃப்ரீசர் சுவரில் படிகிறதே, அதே பொடிதான்.

பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி கொஞ்சம் தடுக்கும். வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவில் அந்தப் போர்வை கிடையாது. அப்புறம், குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டி குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். தேயிலை வைத்திருப்பவர்கள் பள்ளத்துச் செடிகளை முதலில் மூடிவிடுங்கள். ஒரே இரவில் கொழுந்து கருகிவிடும்.

'3 டிகிரி என்றுதானே போட்டிருக்கிறது, எப்படி உறையும்?' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவு தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், வெப்பமானியை வெயில் படாமல் வைக்கும் நிழல் கூண்டுக்குள் எடுத்தது. அதே நேரத்தில் புல் மட்டம் 0-க்குக் கீழே போயிருக்கலாம்.